கறுத்த கரை

மேலே போட்டிருந்த பருத்தித் துணியை விலக்கிப் பார்த்தாள்.

சேலையின் கரை கறுத்திருந்தது.

பாதி வரைக்கும். இஸ்திரிப்பெட்டி போன இடம் அடுப்புக்கரி மாதிரி. போகாத இடத்தில் இளஞ்சிவப்புக் கட்டங்களும், அவற்றின் மேல் ஏறி இறங்கும் மெல்லிய கோடும் அப்படியே இருந்தன.

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அதைக் கை தானாகத்தான் செய்தது.

சேலை முழுக்க ஆஸ்பத்திரிச் சாமான். ஆபரேஷன் கருவிகளைச் சுற்றி வரும் நீலத் துணியில் உடல். தேதி முடிந்த சலைன் குழாய்களைப் பின்னி இடுப்புப்பட்டி. பழைய எக்ஸ்ரே பிலிமை இலை இலையாக வெட்டி முந்தானை. ஏழைகளின் டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரியே நடத்தும் ஃபேஷன் ஷோ, மாலை ஆறு மணிக்கு. மதுரையில் தையல்காரிகளுக்கா பஞ்சம்? ஆனாலும் அவளைத்தான் கேட்டார்கள். அவளும் சரி என்றாள்.

கரை மட்டும் ஆஸ்பத்திரி கொடுத்ததல்ல. அவள் வீட்டு பீரோவிலிருந்து வந்தது.

முத்திருளனின் ஈசிஜி. இரண்டு முழ நீளம். அவள் புருஷனின் நெஞ்சு கடைசியாக ஓடிய ஓட்டம்.

எட்டு மாதமாக அதை ஒரு தரம் விரலால் தடவாமல் அவள் படுத்ததில்லை. தடவினால் அவர் நெஞ்சு அடிப்பது கேட்கும். தையல் மிஷினை மிதித்தால் அதிலும் கேட்கும். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பேயோட்டக் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் அது நடந்து போகட்டும், அப்புறம் தன்னை விட்டுவிடும் என்று நினைத்தாள். விட்டுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

நீலத் துணி உருகக் கூடாதென்று சூட்டைக் குறைத்து வைத்தவள்தான். காகிதத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. தைத்து முடித்ததை ஒரு தேய் தேய்த்துத்தான் கொடுக்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம், சரியான நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில் நடக்கப்போகும் நர்ஸ் ஆக்னஸ் பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு ஈசிஜி மிஷினிலிருந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தவளும் இவள்தான்.

"அதுக்குச் சூடு ஆகாதுக்கா. டூட்டி ரூம்ல டீ கிளாஸ வச்சாலே கறுத்துரும்," என்றாள். பிறகு மெதுவாக, "மிச்சத்தையாச்சும் வெட்டி எடுத்து வச்சுக்கங்க."

கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

மிச்சம் ஒன்பது துடிப்பு.

அன்று அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. தெருமுனை திரும்பும் வரைக்கும்தான் அவர் அவளுக்கு. கொழுந்தன் கொள்ளி வைத்து, தலை முழுகிவிட்டு வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு மதினி" என்றான்.

எது முடிந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

பெட்டியை எடுத்தாள்.

இந்த முறை மேலே துணி போடவில்லை.

"அக்கா," என்றாள் ஆக்னஸ்.

கறுப்பு முடிந்த இடத்தில் பெட்டியை வைத்து நிதானமாக நகர்த்தினாள். ஒவ்வொரு துடிப்பாக. கண்ணை எடுக்கவில்லை. அழுகை வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

இவ்வளவு சீக்கிரம் ஆகிவிடும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

கடைசித் துடிப்புக்கு முன்னால் கை நின்றது.

பஸ் ஓட்டக் கிளம்பும் மனிதரிடம் பதினாறு வருஷம், விடிகாலையில், தூக்கக் கலக்கத்தில்கூட, "போயிட்டு வாங்க" என்றே சொன்ன வாய்.

"போங்க," என்றாள்.