தலைமாட்டுக் கம்பு

ராயபுரத்துச் சந்தில் அஸர் தொழுகைக்கு முந்தைய வெயில், மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கின் பச்சைத் துணிமேல் விழுந்து கிடக்கிறது. உள்ளே ஜமால். நேற்றுக் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது, வெள்ளைக்காரன் விட்டுப்போன கிரேனின் சங்கிலி அறுந்து, மூட்டைகளுக்கு அடியில் சிக்கிச் செத்தவன். அவன் தகப்பன் அப்துல் சுக்கூர், காலேஜ் வாத்தியார், தலைமாட்டுக் கம்பைப் பிடித்தபடி நிற்கிறார். தூக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறான் பரசுராமன், அந்தக் கிரேனை ஓட்டியவன். "இன்னா தெகிரியத்துல இங்க வந்தே?" என்று பாய்கிறார் சுக்கூரின் மைத்துனர் உசேன். "அடிக்கிறதுன்னா அடிங்க பாய்" என்ற பரசுராமன் சுக்கூர் பக்கம் திரும்புகிறான். "நைனா, ஒரு பத்து அடி நானும் தோளு குடுத்துட்டுப் பூட்றேன்." சொல்லும்போதே அவன் அழுகிறான்.

கிரேக்கக் காவியம் ஒன்றைப் பற்றி சுக்கூர் எழுதி முடித்த கட்டுரை வீட்டுக்குள்ளே மேஜைமேல் கிடக்கிறது. அந்தக் காவியத்தில், மகனின் உடலைக் கேட்டு, கொன்றவனின் கூடாரத்துக்கே போகிறான் கிழட்டு அரசன். கொன்ற அந்தக் கையில் முத்தமிடுகிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அறிஞர்கள் அதை இரக்கம் என்கிறார்கள். இரக்கமாவது மண்ணாங்கட்டியாவது, அவரவர் துக்கத்துக்கு அவரவர் அழுகிறார்கள் என்று இருபது பக்கம் வாதாடியிருந்தார். இப்போது அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஜமாலுக்காக அழுதுகொண்டிருப்பவன் பரசுராமன்தான்.

கிரேன் பிடியில் காய்த்துப்போன அவன் வலக்கையைச் சுக்கூர் எடுத்து, தலைமாட்டுக் கம்பில், தான் பிடித்திருந்த இடத்தில் வைக்கிறார். அதன்மேலிருந்து தன் கையை அவரால் எடுக்க முடியவில்லை.