கதவைச் சாத்தாதீங்க

“கதவைச் சாத்தாதீங்க சிஸ்டர்” என்றார் வேன் டிரைவர். “கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். மூடினா எனக்கு மூச்சு முட்டும்.”

நர்ஸுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. கதவு திறந்திருந்தால் டிரைவருடைய அக்கா உள்ளே வந்துவிடுவாள். கேள்வி கேட்கும்போது நோயாளியைத் தவிர ஈ காக்கா இருக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு.

அந்த அக்காக்காரியை வெளியே உட்கார வைப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது. “என்கிட்ட கேளுங்க, அவனுக்கு ஒன்னும் சொல்லத் தெரியாது” என்று அவள் போட்ட சத்தத்தில், மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று நர்ஸ் சொன்னதற்கு, தலையைச் சாய்த்து, “என்னது?” என்று அதைவிட உரக்கக் கேட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் டிரைவர். “அவளுக்கு ஒரு பக்கக் காது கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.”

காது கேட்காவிட்டால் என்ன, வாய்தான் இரண்டு பேருக்குச் சேர்த்து இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

டிரைவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்குவேனா என்கிறது. இப்படியே போனால் கிட்னியில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று டாக்டரம்மா பயந்தார். சின்ன வயதில் மனசு பட்டதை எல்லாம் பெரிய வயதில் உடம்பு சொல்லிக் காட்டும் என்பது அவருடைய கட்சி. அதனால் மருந்துக்கு மசியாத நோயாளிகளிடம் எல்லாம் பத்துக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தார்.

நர்ஸும் கேட்டுப் பார்த்துவிட்டாள். “எங்களுக்கென்ன, ராஜா மாதிரி வளந்தோம்” என்பதற்கு மேல் ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. இந்த ஆளாவது ஏதாவது சொல்ல மாட்டாரா என்று அவளுக்கு இருந்தது.

“சின்ன வயசுல வீட்டுல பெரியவங்க யாராவது அடிப்பாங்களா?”

“அம்மா நான் பிறந்தப்பவே போயிட்டாங்க. அப்பா தங்கமான மனுஷன். அவர் கை என்மேல பட்டதே இல்ல. காலையில எழுந்தா தோள்ல தூக்கி வச்சுக்குவார்.”

“குடிப்பாரா?”

“குடிப்பார்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல.”

நர்ஸ் ‘இல்லை’, ‘இல்லை’ என்று போட்டுக்கொண்டே வந்தாள். ராஜாக்கள் கணக்கில் இன்னொருத்தர் என்று நினைத்தபடியே கடைசிக் கேள்விக்கு வந்தாள். “வேற யாராவது உங்களை ரொம்பப் பயப்பட வச்சிருக்காங்களா? இருட்டுல விடறது, பூட்டி வைக்கிறது, அந்த மாதிரி?”

டிரைவர் கதவைப் பார்த்தார். “அக்கா” என்றார்.

“இவங்களா?”

“இவளேதான். அப்ப எனக்கு அஞ்சு வயசு இருக்கும். நல்லாத் தூங்கிட்டு இருக்கறவனை எழுப்பி, மர பீரோவுல துணிக்கு நடுவுல உக்கார வச்சு, மூச்சு விட்டா பேய் வந்துரும்னு சொல்லிப் பூட்டிடுவா. நான் பயப்படணும்னே வெளிய நின்னு டமால் டமால்னு சத்தம் வேற பண்ணுவா.” அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். “பாசத்துக்கு ஒன்னும் குறைச்சல் இல்ல சிஸ்டர். இன்னிக்கும் அவ வீட்டுலதான் இருக்கேன். ஆனா ஏன் அப்படிப் பண்ணினேன்னு கேட்டா மட்டும் எழுந்து போயிடுவா.”

நர்ஸுக்கு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. மனுஷன் வியாதியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வெளியே உட்கார வைத்திருக்கிறார். முதலில் இவர் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பட்டும், மாத்திரையை அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள்.

அவரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு அக்காக்காரியை உள்ளே கூப்பிட்டாள். இப்போது கதவைச் சாத்தினாள். அக்காக்காரி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, கேட்கிற காதை நர்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தம்பியைச் சின்ன வயசுல பீரோவுல வச்சுப் பூட்டினீங்களா?”

“ஆமா” என்றாள் அவள், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்த நர்ஸுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. “பச்சைப் பிள்ளை அது. இன்னிக்கும் அவரால மூடின அறையில உக்கார முடியல. பிரஷர் இறங்காம இருக்கறதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். உங்களுக்குப் பாவமாவே இல்லையா?”

“அதனாலயா பிரஷர்?” அவள் முகம் வெளிறிவிட்டது. “எனக்கு அப்ப பதினொரு வயசு. வேற வழி தெரியல. அப்பா குடிச்சிட்டு வர்ற ராத்திரி மட்டும்தான் பூட்டுவேன். விடிஞ்சா அவருக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது.”

நர்ஸின் பேனா நின்றது.

“இதைத் தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. அவனுக்கு அப்பான்னா உயிர்.”

“அப்ப நீங்களும் அவரோட உள்ள ஒளிஞ்சிருக்கலாமே?”

அக்காக்காரி கேட்காத காதைத் தடவிக்கொண்டாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் தணிந்தது.

“ரெண்டு பேருக்கு அதுல இடம் இல்ல சிஸ்டர்.”