பாலை மர இடுக்கி

முதல் கருவி அடுப்பில் விழுந்தபோது பேனா ரிப்பேர்க்காரி தெரசா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பேனாவை வாட்டி இளக்க அவள் வைத்திருந்த கரியடுப்புதான் அது. இப்போது அவள் பிழைப்பையே தின்றுகொண்டிருந்தது.

"இன்னும் மூணுதான் பாக்கி. சொல்லு, இது இன்னாசி வாத்தியார் பேனாவுல எழுதினதுதானே?" சப் இன்ஸ்பெக்டர் ஒரு நோட்டீஸை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

'வெள்ளையனே வெளியேறு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, யாரோ போலீஸ் ஸ்டேஷன் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். 1942 ஆகஸ்ட் மாதம். பாப்பாரப்பட்டிச் சந்தைத் தெருவே கூடி நின்றது, நடுவில் கைவிலங்கோடு இன்னாசி. தெரசா 'ஆமாம்' என்றால் போதும், அவருக்கு ஜெயில்.

"போடுங்கய்யா. பாலை மரந்தானுங்களே, மறுபடி செதுக்கிக்கிறேன்."

போட்டார். நிப்பைத் தட்டிக் கழற்றும் துளைக்கட்டை போயிற்று, ஆப்பும் போயிற்று. இரும்பு பட்டால் பேனாவில் பல் பதியும் என்று அவளே இழைத்து இழைத்துச் செய்தவை. மிஞ்சியது ஒரு மர இடுக்கி.

"உனக்கு எழுத்து தெரியாட்டி என்ன? ரிப்பேர் பண்ணின பேனாவை எல்லாம் கிறுக்கிப் பார்க்கிறவதானே, எந்தக் கோடு யார் பேனாதுன்னு தெரியாதா? போன வாரம் என் பேனாவையே மூணு நாள் வெச்சிருந்து ஒழுகலை அடைச்சே."

"நிப்பைத் தொடாதேன்னீங்க, தொடலீங்க" என்றாள் தெரசா. பிறகு நோட்டீஸை வாங்கி, பூதக்கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தாள்.

"ஒவ்வொரு இழுப்பு நடுவுலயும் மயிரிழையாட்டம் வெள்ளை ஓடுதுங்க. இதுமாதிரி விரிஞ்ச நிப்பு இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்குது. யாருதுன்னு சொல்றேன். மணியக்காரர் சாட்சி நிக்கட்டும், நீங்களே எழுதிக்குங்க."

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

சப் இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். "கடைசியில கைநாட்டு வைக்கணும்" என்று மைப்பெட்டியை நகர்த்தியவர், அவள் பெருவிரலில் படிந்திருந்த ஊதாக் கறையைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு மையே வேண்டாம் போலிருக்கே!"

எழுதத் தன் பேனாவை எடுத்தார். மூடி இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துத் திருகினார். பாவம், கை வலித்ததுதான் மிச்சம்.

தெரசா பேனாவை வாங்கி, மர இடுக்கியால் பிடித்து ஒரு திருகு திருகினாள். கீறல்கூட விழாமல் மூடி கழன்றது. "நல்லவேளை, இதையாச்சும் விட்டு வெச்சீங்க."

அவர் காதில் வாங்காதவர் போல அழுத்தி எழுதினார்: 'தெரசா ஆகிய நான் அறிந்து சொல்வது என்னவென்றால்...' நிமிர்ந்தார். "ம், யார் பேனா?"

தெரசா நோட்டீஸை அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியை மணியக்காரர் பச்சியப்பனிடம் நீட்டினாள்.

அவர் குனிந்து இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டுலயும் அதே மயிரிழை ஓடுதுங்க. ஒரே பேனாதானுங்க."

"நான் எழுதலைய்யா!" சப் இன்ஸ்பெக்டர் போட்ட கத்தலில் தெருநாய்கூட விலகி ஓடியது.

"நீங்க எழுதலீங்க. வாத்தியாரும் எழுதலை, அவரு விலங்கைக் கழட்டுங்க. எனக்கு எழுத்து தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லலீங்க."

தெரசா மைக்கறை படிந்த இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"பேனா உங்களுது. கை என்னுது."