ஐம்பத்து நான்கு இலக்கங்கள்

ஏழாவது தொகுதியின் ஆறு இலக்கங்களையும் நாகேஸ்வரி தொலைபேசிக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். இன்னும் இரண்டு தொகுதிகள் இருந்தன.

பக்கத்தில் ஷபீகா, வரிசை தவறாமல் திரையில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் நாகேஸ்வரிக்கு அறை கொடுத்திருப்பவள் அவள்தான். அடுத்த மாதம் ஊருக்குப் போனதும் முற்றத்து மாமரத்துக் கறுத்தக்கொழும்பான் பழத்தில் ஒரு பெட்டி அனுப்புவதாக நாகேஸ்வரி அவளுக்கு மாதாமாதம் வாக்குக் கொடுத்துவந்தாள்.

கணினியும் ஷபீகாவுடையது. அதில் ஓடுவது லினக்ஸ். அதை அழிக்க விடமாட்டேன், வேண்டுமானால் அதற்குள்ளேயே இன்னொரு கணினியைக் குடிவைத்துக்கொள்ளுங்கள் என்று காலையில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தாள்.

அதில்தான் நாகேஸ்வரி தன் விண்டோஸை ஏற்றினாள். ஊரே கள்ளச் சிடியில் காலம் தள்ளியபோது மீசாலையில் அச்சகம் வைத்திருந்த அவள் மட்டும் வீம்புக்கு வாங்கிய அசல். சண்டையில் தரைப்பாதை மூடி, அவள் கப்பலில் கொழும்புக்கு வந்தபோது அடையாள அட்டையோடு கைப்பையில் வந்தது.

அதுவே இப்போது அவளைச் சந்தேகப்பட்டது. வேறொரு கணினியில் ஏற்கெனவே பதிந்த இலக்கமாம். திரையில் வரும் இலக்கங்களை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் வாசித்துத் தீர்க்க வேண்டுமாம்.

டொராண்டோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை பக்கம் வடிவமைக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கள்ளப் பிரதியில் வேலை செய்ய விடமாட்டார்களாம்; அசல் விண்டோஸ்தான் என்ற ஆதாரம் அங்கே விடிவதற்குள் போய்ச்சேர வேண்டும். போனால் நியமனக் கடிதம் வரும். வந்தால் பொலிஸ் பதிவுப் படிவத்தில் கொழும்பில் தங்கும் காரணம் என்ற இடத்தில் எழுத ஏதாவது இருக்கும். காரணம் இல்லாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு.

ஐம்பத்து நான்கு இலக்கங்களும் முடிந்தன. இது எத்தனை கணினியில் இருக்கிறது என்று மறுமுனையில் ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

கேள்வி காதில் விழுந்ததும் நாகேஸ்வரி கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி மீசாலை, தற்காலிக முகவரி வெள்ளவத்தை, கப்பல் வந்த திகதி, வீட்டுக்காரியின் பெயர், அடுத்த மாதம் திரும்பிப் போய்விடுவேன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பதினொரு மாதமாகச் சோதனைச் சாவடிகளில் பழகிய வாய் அது.

இதொன்றும் எங்களுக்குத் தேவையில்லை மேடம் என்று மறுமுனையிலிருந்து பதில் வந்தது.

ஷபீகா வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். நாகேஸ்வரிக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது. பேர் வேண்டாமாம், ஊர் வேண்டாமாம். இந்த உலகத்தில் இப்படியும் ஓர் அலுவலகம் இருக்கிறதே என்ற சந்தோசத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒன்றில்தான் என்று சொல்லி முடிக்கவே பெரும்பாடாகிவிட்டது.

பழைய கணினி இன்னும் பாவனையில் உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை என்றாள் நாகேஸ்வரி, சிரிப்பு அடங்காமலே. கணினி அங்கேதான் கிடக்கிறது, வீடுதான் இல்லை, ஷெல் விழுந்தது என்றாள்.

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் வருத்தம் சொன்னாள். பிறகு நாற்பத்திரண்டு இலக்கங்களை நிதானமாக வாசித்தாள். நாகேஸ்வரி ஒன்று விடாமல் தட்டினாள்.

பதிவு முடிந்தது என்றது திரை. பச்சைக் குன்றும் நீல வானமும் விரிந்தன. நாற்பத்தெட்டு வயது நாகேஸ்வரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சுற்று ஆடினாள்.

கட்டிலில் ஷபீகா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப மாமரம், அக்கா?"

"மரம் நிக்குதாம்," என்றாள் நாகேஸ்வரி, இன்னும் மூச்சு வாங்கியபடி. "இந்த முறை நல்ல காயாம்."