வைக்கத் தெரியாத கை

"ரத்தம் பொய் சொல்லாது தம்பி! நான் முப்பது வருஷம் பாடம் நடத்தின நாவல்ல தாத்தா குடிகாரன், அப்பன் குடிகாரன், பேரன் பாட்டிலைப் பார்த்தாலே தள்ளாடுவான். தலையெழுத்தை யாரால மாத்த முடியும்?"

கண்ணாடி முன் அளவுக்கு நின்றபடி ஓய்வுபெற்ற பேராசிரியர் பேசிக்கொண்டே போனார். தையல்காரன் டேப்பை எடுத்தான். பேன்ட் தைப்பதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. மகள் ஆசைப்பட்டவனை எடைபோடத்தான் வந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாதா?

"அதனாலதான் கேக்கறேன். உங்க அப்பா என்ன தொழில் பண்ணினாரு?"

"கைத்தொழில் சார்."

"தாத்தா?"

"அவரும் அதேதான் சார்."

பொய்யில்லை. இரண்டு பேருமே பிக்பாக்கெட். கூட்டமான பஸ் எதுவும் அவர்களிடம் தப்பியதில்லை. இவன் மட்டும் பதினெட்டு வயதில் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தான். அடுத்தவன் பையில் கை விடாமல், அடுத்தவனுக்குப் பை தைத்துக் கொடுத்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டான்.

"காலைக் கொஞ்சம் அகட்டுங்க சார்."

குனிந்து கால் அளவு எடுத்தான். தடுமாறாமல் இருக்க, பேராசிரியர் அவன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு எழுந்து அவர் இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோனான்.

"முப்பத்தெட்டு" என்று சொல்லும்போதுதான் அந்தக் கொடுமை தெரிந்தது. இடது கையில் ஒரு பர்ஸ்! அவர் பேன்ட் பையிலிருந்து விரல்கள் தம் பாட்டுக்கு உருவியிருந்தன. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடப்பாவிகளா, பன்னிரண்டு வருஷ விரதத்தை இன்றைக்குத்தானா முறிக்க வேண்டும்?

குனிந்து பார்க்கவும் பயம். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் அவர் கண்கள் இவன் முகத்தை விட்டு நகரவில்லை. டேப்போடு சேர்த்துச் சுருட்டி உள்ளங்கையில் மறைத்தான். திரும்ப வைத்துவிட்டால் தப்பித்தான். ஆனால் எப்படி வைப்பது? எடுக்கிற வித்தைதான் பரம்பரையாக வந்திருந்தது. வைக்கிற வித்தையை அவன் வம்சத்தில் ஒருவரும் கற்றதில்லை.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?"

"ஃபேன் சரியில்ல சார். இடுப்பை இன்னொரு தடவை பாத்துடறேன்."

மறுபடி அளந்தான். நாற்பது. மறுபடியும் அளந்தான். முப்பத்தேழு. அந்தச் சுற்றில் பர்ஸ் ஒருவழியாகப் பைக்குள் இறங்கியது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார். "ஒரு இடுப்பை மூணு தடவை அளக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். நாணயமான ரத்தம்! கல்யாணத்தைப் பேசி முடிச்சிடலாம்."

அவர் போன அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அப்பா சம்மதிச்சிட்டாரு. ஆனா கோவிச்சுக்காதீங்க, உங்க பர்ஸ் அவர் பையில இருக்கு. நீங்க கால் அளவு எடுக்கக் குனிஞ்சப்ப கை தானாப் போயிடுச்சாம். தாத்தாவுக்கும் இதே வியாதிதான். நீங்க கவனிக்கவே இல்லையா?"

தையல்காரன் தன் விரல்களைப் பார்த்தான். வம்சத்திலேயே முதல் தடவையாக அவை சொந்தப் பொருளைத்தான் எடுத்திருந்தன. அதைத்தான் அவன் வேர்க்க விறுவிறுக்கத் திருப்பி வைத்திருக்கிறான்.