காலித் தட்டு

"தின்னே எங்களை அழிச்சுடுவா போலிருக்கு டாக்டர்!" உள்ளே வந்து உட்காருவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "நான் அடுப்படிக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள மேஜையில ஒரு துணுக்கு மிச்சம் இருக்காது."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளுக்குப் பெயரே பூசணி. போன வாரம் தோழிகள் முன்னால் அம்மா அப்படிக் கூப்பிட்டபோது அக்காவும் சேர்ந்து கெக்கெக்கே என்று சிரித்தாளே, அதுதான் ஆறவில்லை. சிரிக்க என்ன யோக்கியதை அவளுக்கு! இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் இன்றைக்கு இருக்கு என்று கறுவிக்கொண்டே வந்திருந்தாள்.

அக்கா வந்தால்தான் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால் பெரியவளும் வந்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்த, ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவளும் அதே சாப்பாடுதான் சாப்பிடறா. கொடி மாதிரி இல்லை?" என்றாள் அம்மா.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எடை மெஷின்ல திரும்பி நின்னு ஏறும்மா. நம்பரை நீ பார்க்க வேண்டாம், நான் பார்த்தாப் போதும்."

"நல்லாப் பார்க்கட்டும் டாக்டர்! அப்பவாவது ரோஷம் வரட்டும்!"

டாக்டர் அம்மாவை ஒரு முறை முறைத்துவிட்டு, மெஷினில் ஏறி நின்ற சின்னவளிடம் கேட்டார். "ஒளிச்சு வச்சு சாப்பிடறியா?"

"இல்லை."

"சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கறியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லை."

"பசி இல்லாதப்பவும் சாப்பிடறியா?"

"தினமும். தொண்டை வரைக்கும் நிறைஞ்சிருந்தாலும் சாப்பிடுவேன்."

"கேட்டீங்களா! அவ வாயாலேயே வந்துடுச்சு!" அம்மாவுக்கு முகமெல்லாம் வெற்றி.

"அப்படி முடியாம ஏம்மா சாப்பிடறே?" என்றார் டாக்டர்.

நாற்காலி கிறீச்சிட்டது. "நான் வெளியில இருக்கேன்மா," என்று பெரியவள் கதவை நோக்கி நடந்தாள். சின்னவள் மெஷினிலிருந்து குதித்து அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது அந்தக் கை.

"வேண்டாம்டி பூசணி," என்றாள் பெரியவள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் சின்னவள் அப்போதும் விட்டிருப்பாளோ என்னவோ. பிடியை இறுக்கினாள்.

"நான் தின்னதெல்லாம் இவ தட்டு, டாக்டர். இப்ப இவளை ஏறச் சொல்லுங்க!"