முனகாத பலகை

பழைய அரண்மனை ஒன்றின் தரைப்பலகையும், அதைக் கீழிருந்து தாங்கிய கட்டையும் ஒரே தேக்கில் பிறந்தவை.

"அக்கா, மண்ணின் ஈரம் என்னைத் தின்கிறது. யாராவது மிதிக்கும்போது கொஞ்சம் முனகேன். குனிந்து பார்ப்பார்கள்" என்றது கட்டை.

"இப்போதுதான் எனக்கு மெருகு போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் முன்னால் முனகினால் என்ன நினைப்பார்கள்? மழைக்காலம் போகட்டும், தங்கச்சி" என்றது பலகை.

மழைக்காலம் போவதற்குள் கட்டை இற்று உடைந்தது. ஆட்கள் வந்து பலகையைப் பெயர்த்தார்கள். கீழே மண் முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரங்களை ஒட்டி, புதுக்கட்டை வைத்தார்கள்.

"இங்கே நன்றாகக் காய்ந்திருக்கிறது, அக்கா. எனக்கு முன்னால் யார் இருந்தது?" என்று கேட்டது புதுக்கட்டை.

அன்றிலிருந்து யார் மிதித்தாலும் பலகை முனகுகிறது. குனிந்து பார்க்கிறவர்களுக்குக் கீழே ஒரு குறையும் தெரியவில்லை.